கழல மறுத்த நட்டு

துப்பறியும் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியாத விஷயமே இருக்காது என்று ஊர் நினைக்கிறது. அஞ்சனாவுக்கு நிறையத் தெரியும். பொய் சொல்கிறவன் எந்த இடத்தில் எச்சில் விழுங்குவான் என்று தெரியும். அலமாரியைத் திறக்காமலே அதில் எந்தத் தட்டைச் சமீபத்தில் யாரோ குடைந்திருக்கிறார்கள் என்று சொல்லத் தெரியும். பஞ்சரான டயரைக் கழற்றி மாற்ற மட்டும் தெரியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மட்டாஞ்சேரி பஜாருக்குப் பின்னால் அரிசி மூட்டை அடுக்கிய கிட்டங்கிகளுக்கு நடுவே போகும் சந்து ஒன்றில், அவளுடைய பழைய சிவப்புக் கார் ஒரு கள்ளிப்பெட்டி ஆணியின் மேல் ஏறி, இடது முன் சக்கரத்தில் காற்று முழுவதும் போய், ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுவிட்டது.

உதவியாளன் பாண்டியராஜன் இறங்கிப் பார்த்தான். அவனை அவள் ராஜன் என்றுதான் கூப்பிடுவாள். பெயரின் முன்பாதியைச் சொல்லித் தமிழனைக் கூப்பிட்டால் கேரளத்தில் அது வசவு, சண்டைக்கு இழுப்பதாகப் பொருள்.

"டயர் நம்ம கேஸ் மாதிரியே இருக்குக்கா," என்றான். "உள்ள ஒண்ணுமே இல்ல."

அவனைத் திட்டக்கூட அவளுக்குத் தெம்பில்லை. அவன் சொன்னது உண்மை. கேஸில் ஒன்றுமே கையில் இல்லை, நேரமும் இல்லை.

விஷயம் இதுதான். வெள்ளிக்கிழமை கேரளம் முழுவதும் ஹர்த்தால். கடை இல்லை, பஸ் இல்லை, சாலையில் ஆள் இல்லை. அன்று பதினொரு மணிவாக்கில், தேவராவில் தன் ஃபிளாட்டில் தனியாக இருந்த மிளகு வியாபாரி வெங்கிடராமனைப் பின்னாலிருந்து யாரோ குத்துவிளக்கால் மண்டையில் அடித்துவிட்டார்கள். கிழவர் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறார். அந்த வீட்டில் வேலை செய்யும் மாயம்மாள் மொட்டைமாடியில் துணி உலர்த்திவிட்டு இறங்கி வந்து, அவர் தரையில் கிடப்பதைப் பார்த்து, அலறி ஊரைக் கூட்டினாள். விளக்கில் அவள் கைரேகை இருந்தது. வெள்ளிக்கிழமை தோறும் விளக்குத் துலக்குகிறவளின் ரேகை விளக்கில் இல்லாமல் வேறு எங்கே இருக்கும்? போலீஸுக்கு அது போதுமானதாக இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் அவளைக் கைது செய்தார்கள்.

மாயம்மாள் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவள். புருஷன் இல்லை. மடியில் ஏழு மாதப் பெண் குழந்தை. அந்தக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தேவராவில் அவளுடைய பக்கத்து அறைக்காரி வசந்தி காலையில் அஞ்சனாவின் ஆபீஸ் படியேறி வந்து நின்றாள். ராத்திரி முழுக்கக் குழந்தை தூங்கவில்லை, புட்டிப்பாலைத் துப்புகிறது, அம்மா எங்கே என்று கதவையே பார்க்கிறது என்று சொன்னாள். சாயங்காலம் ஐந்து மணிக்குள் மாயம்மாளை மாஜிஸ்திரேட் வீட்டில் ஆஜர்படுத்துவார்கள். அதன் பிறகு ஜெயில். எப்போது வெளியே வருவாள் என்று ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

அஞ்சனாவுக்குச் சந்தேகம் ஒரே ஆள் மேல்தான். கிழவரின் தம்பி மகன் ரமேஷ்பாபு. கிழவரின் மட்டாஞ்சேரிக் கிட்டங்கியை ஹோட்டல் கட்டுகிறவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவன் அவன். பெரியப்பா மசியவில்லை. ஆனால் ரமேஷ்பாபுவிடம் அசைக்க முடியாத ஒரு பதில் இருந்தது.

ஞாயிறு காலை இடப்பள்ளியில் அவனுடைய டைல்ஸ் கடையில் போய்ப் பார்த்தபோது, அவன் சாயா வாங்கிக் கொடுத்து, எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே சொன்னான். வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கிட்டங்கிக்குப் போகும் வழியில் இதே சந்தில் அவன் கார் பஞ்சர். ஹர்த்தால் நாளில் எந்த மெக்கானிக் வருவான்? தானே தன்னந்தனியாக டயர் மாற்றினானாம். ஒரு நட்டு துருப்பிடித்து உயிரை வாங்கிவிட்டதாம். முடிக்கப் பன்னிரண்டு ஆகிவிட்டதாம். சந்தின் மாடி வீட்டில் இருக்கும் ஓர் அம்மாள், அவன் வண்டியிலிருந்து ஜாக்கியை இறக்கியதையும் பார்த்திருக்கிறாள், பன்னிரண்டு மணிக்குக் கைகழுவத் தண்ணீர் கேட்டு நின்றதையும் பார்த்திருக்கிறாள். நடுவில் அவள் அடுப்படியில் இருந்தாள்.

அந்த நடுவுக்குத்தான் ஒரு போட்டோ. சரியாகப் பதினொரு மணிக்கு மனைவியின் போனுக்கு அனுப்பியது, அதையே அஞ்சனாவுக்கும் அனுப்பி வைத்தான். சக்கரம் கழன்ற கார், பக்கத்தில் ஸ்டெப்னி, பின்னால் வருகிற வண்டிகளுக்கு எச்சரிக்கையாக, வந்ததுமே இலையோடு ஒடித்து நட்டதாக அவன் சொன்ன ஒரு பலாக் கொம்பு. 'இன்னும் இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்' என்று கீழே ஒரு வரி. அன்று முழுக்க மழை மூட்டம், நிழலை வைத்து நேரம் சொல்லவும் வழியில்லை. போன் எந்த டவரில் இருந்தது என்ற விவரத்தைப் போலீஸார் கேட்டிருக்கிறார்கள். அது செவ்வாய்க்கிழமைக்கு மேல்தான் வருமாம்.

ஆகவே அந்தச் சந்து எப்படியிருக்கிறது என்று கண்ணால் பார்க்க அவள் வந்தாள். பார்த்துவிட்டு நேரே எர்ணாகுளம் ஜங்ஷனுக்கு ஓட வேண்டும் என்பது திட்டம். கிழவரின் கிட்டங்கிக் காவலாளி பிச்சை மத்தியான ரயிலில் ஊருக்குப் போகிறான். வெள்ளிக்கிழமை கிட்டங்கி ஸ்கூட்டர் வெளியே போனதா என்று அவனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும். ஹர்த்தால் சாலையில் ஸ்கூட்டரில் தேவராவுக்குப் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது?

எல்லாம் சரி. ஆணிக்கு இந்தத் திட்டம் தெரியவில்லை.

பாண்டியராஜனின் வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. போன வாரம் வேறொரு கேஸில் ஓடுகிற ஆசாமியைப் பிடிக்கச் சுவர் ஏறினான். ஏறியதில் குற்றமில்லை, இறங்கியதில்தான் கோளாறு. ஆகவே டயர் மாற்றும் பெரும்பொறுப்பு முழுவதுமாக அஞ்சனாவின் தலையில் விழுந்தது. பஞ்சர் கடைக்காரர் ஒருவர் போனை எடுத்து, பள்ளுருத்தியில் கல்யாண வீட்டில் இருப்பதாகச் சொல்லி, பின்னணியில் பிரியாணிச் சத்தத்தோடு வைத்துவிட்டார். போனில் கூப்பிட்ட ஆட்டோ வருவதாக ஒத்துக்கொண்டு, சந்தின் பெயரைப் பார்த்ததும் பின்வாங்கியது. இரண்டாவது ஆட்டோவும் அதே மரியாதையைச் செய்தது. ஞாயிற்றுக்கிழமை, கிட்டங்கிகளெல்லாம் பூட்டு. சந்தில் மிளகு வாசனை மட்டும் நடமாடிக்கொண்டிருந்தது.

"ஸ்டெப்னியில காத்து இருக்கா, அதைப் பாரு முதல்ல," என்றாள் அஞ்சனா.

"இருக்குக்கா. நமக்குள்ள அதுக்கு ஒண்ணுக்குத்தான் நெஞ்சு நிமிந்திருக்கு."

அவள் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு ஜாக்கியை வண்டிக்கு அடியில் தள்ளினாள். கைப்பிடியைச் சுற்றினாள். கார் மெல்ல மெல்ல எழுந்தது. இவ்வளவு சுலபமா என்று ஒரு சந்தோஷம்கூட வந்தது. பிறகு ஸ்பேனரை நட்டில் மாட்டித் திருப்பினாள். நட்டோடு சக்கரமும் சேர்ந்து சுற்றியது. இன்னொரு தடவை திருப்பினாள். சக்கரம் இன்னொரு சுற்றுச் சுற்றியது.

பாண்டியராஜன் கட்டுப்போட்ட கையைத் தாங்கிக்கொண்டு அடக்கமாகச் சொன்னான். நட்டைத் தளர்த்திவிட்டுத்தான் வண்டியைத் தூக்க வேண்டும், தரையில் அழுந்தி நின்றால்தான் சக்கரம் சுற்றாமல் இருக்கும். இதை முன்னாலேயே சொல்வதற்கென்ன என்று அவள் கேட்டாள். துப்பறிகிறவர்களுக்குத் துப்புக் கொடுத்தால் பிடிக்குமோ பிடிக்காதோ என்று பயந்துவிட்டானாம்.

காரை மறுபடி இறக்கினாள். நட்டில் ஸ்பேனரை மாட்டி, இரண்டு கையாலும் அழுத்தினாள். அசையவில்லை. காலால் மிதித்தாள். அசையவில்லை. ஸ்பேனர் மேல் ஏறியே நின்றாள். உடம்பு ஒரு தடவை மேலும் கீழும் ஆடியது, நட்டு ஆடவில்லை. வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பாண்டியராஜன் குனிந்து பார்த்துவிட்டு, இவ்வளவு நேரமும் அவள் நட்டை இறுக்கிக்கொண்டிருந்ததாகச் சொன்னான். திருப்ப வேண்டியது எதிர்ப்பக்கம்.

அஞ்சனா நடுச்சந்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கை முழுக்கக் கறுப்பு. தூரத்தில் எங்கோ படகின் ஹாரன் கேட்டது. பிச்சையின் ரயில் இந்நேரம் புறப்பட்டிருக்கும். அவன் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ஏழு மாதக் குழந்தையின் முகம் வேறு நினைவுக்கு வந்தது. சொந்தக் காரின் ஒரு நட்டைக் கழற்ற முடியாதவள் இன்னொருத்தியின் விலங்கைக் கழற்றக் கிளம்பிவிட்டேன் என்று தன்மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது.

சந்தின் வளைவில் ஒரு ஸ்கூட்டர் வேகமாகத் திரும்பி, அவள் காலை உரசுகிற மாதிரி போனது. பாண்டியராஜன் பதறிப்போய், இடது கையால் எட்டி, கிட்டங்கி மதிலுக்கு மேலே தொங்கிய பலாமரத்தில் ஒரு கொம்பை ஒடித்தான். காரிலிருந்து பத்தடி தள்ளி இரண்டு கல்லுக்கு நடுவே அதைச் சொருகினான். எங்கள் ஊர் லாரிக்காரர்கள் இன்றைக்கும் இதைத்தான் செய்கிறார்கள், சிவப்பு முக்கோணமெல்லாம் பணக்கார வீட்டுக் கார்களுக்கு என்றான்.

அவள் மறுபடி ஸ்பேனரை எடுத்தாள். இந்தத் தடவை சரியான பக்கம். முதல் நட்டு கிறீச்சென்று கத்திவிட்டு இளகியது. இரண்டாவதும் மூன்றாவதும் வந்தன. நான்காவது கல்லாக நின்றது. அதை மிதித்துக்கொண்டிருந்தபோதுதான் போன் அடித்தது.

எஸ்.ஐ. ஷம்சுதீன். கேஸை விசாரிப்பவர். கெட்ட மனிதர் இல்லை. ஏதாவது ஒரு பிடி கொண்டு வாருங்கள், ஒன்றே ஒன்று, நானே நிறுத்தி வைக்கிறேன் என்று காலையில் சொன்னவர் அவர்தான். இப்போது அவர் குரலில் ஒரு சங்கடம் இருந்தது.

"மேடம், இனி ஓட வேண்டா. அவ சம்மதிச்சாச்சு. நான்தான் அடிச்சேன்னு அவளே பறஞ்சு. ஞான் என்ன செய்யும்?"

அஞ்சனாவுக்குக் காதில் விழுந்தது மண்டைக்கு ஏறச் சிறிது நேரம் பிடித்தது. யாராவது மிரட்டினார்களா என்று கேட்டாள். தன் ஸ்டேஷனில் யாரும் அவளை விரல் நுனியால்கூடத் தொடவில்லை, படைச்சவன் சாட்சி என்றார் ஷம்சுதீன். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் அவளாகவே கூப்பிட்டுச் சொன்னாளாம். நாலரைக்கு ஜீப் கிளம்பும் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

பாண்டியராஜனுக்கும் கேட்டுவிட்டது.  மாயம்மாளும் அவனும் ஏறக்குறைய ஒரே ஊர்க்காரர்கள். அவன் அம்மாவும் இப்படித்தான் வீட்டு வேலைக்குப் போனவள்.

"ஒருவேளை அவதான் செஞ்சிருப்பாளோக்கா," என்றான் மெதுவாக.

 அப்படியும் இருக்கலாம் என்று ஒரு கணம் அஞ்சனாவுக்கே தோன்றியதுதான் கொடுமை. அவள் எழுந்து நின்று, கையைத் துடைக்க எதுவும் கிடைக்காமல் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

காருக்குப் பின்னால் மூன்று ஆடுகள் நின்றுகொண்டிருந்தன. எங்கிருந்து வந்தன என்று தெரியவில்லை. மட்டாஞ்சேரி ஆடுகளுக்கு யாரும் மேய்ப்பன் கிடையாது. காலையில் வீட்டை விட்டு இறங்கினால் பஜார் முழுக்க அவற்றின் சொத்து. சாக்கு மூட்டை, சுவர் போஸ்டர், காய்கறிக் கழிவு, எதையும் விட்டு வைப்பதில்லை. பாண்டியராஜன் சொருகியிருந்த பலாக் கொம்பில் ஓர் இலைகூட மிச்சமில்லை. வெறும் குச்சிதான் நின்றது. கடைசி இலையின் காம்பு ஒரு கறுப்பு ஆட்டின் வாயோரத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

பாண்டியராஜன் அதுகளை விரட்டிவிட்டு இன்னொரு கொம்பை ஒடித்துச் சொருகினான். அவன் திரும்பி நாலு எட்டு வைப்பதற்குள் ஆடுகள் திரும்பி வந்துவிட்டன. போனவை மூன்று, வந்தவை ஐந்து.

"நம்ம வண்டி நிக்கிறதுக்கு அடையாளம் வச்சா, அவ்வோ பந்திக்கு இலை போட்டதா நினைக்காவ," என்றான்.

அஞ்சனா சிரிக்கவில்லை. அசையாமல் ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கறுப்புக் கையாலேயே போனை எடுத்து, ரமேஷ்பாபு அனுப்பியிருந்த போட்டோவைத் திறந்தாள். இரண்டு விரலால் பெரிதாக்கினாள். இதே சந்து, இதே மதில். கழன்ற சக்கரம். பின்னால் பலாக் கொம்பு. உச்சியிலிருந்து அடி வரைக்கும் பச்சைப் பசேலென்று, ஓர் இலை குறையாமல்.

"ராஜா, இந்தக் கொம்பை எப்போ ஒடிச்சேன்னு அவன் சொன்னான்? ஓர்மை இருக்கா?"

"வண்டி நின்ன உடனே. பத்து மணிக்கு."

"போட்டோ எடுத்தது?"

"பதினொண்ணு." சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. குச்சியைப் பார்த்தான், போனைப் பார்த்தான். "ஏக்கா, ஒரு மணி நேரமா இந்த இலையை ஆடு திங்காம இருந்துச்சா? அதுவும் ஹர்த்தால் அன்னைக்கு? ஆள் நடமாட்டமே இல்லாத நாள்ல ஊரே அதுக ராஜ்யம்லா?"

அதுதான் விஷயம். அந்தப் போட்டோ பதினொரு மணிக்கு எடுத்ததாக இருக்கவே முடியாது. பத்து மணிக்கு வந்ததும் சக்கரத்தைக் கழற்றி, கொம்பை நட்டு, உடனே படம் பிடித்துக்கொண்டு, ரமேஷ்பாபு கிளம்பிவிட்டான். பதினொரு மணிக்குத் தேவராவில் இருந்துகொண்டு, எடுத்து வைத்திருந்த படத்தை மனைவிக்கு அனுப்பினான். சந்தில் அவனுடைய கார் மட்டும் தனியாக நின்றது. அதற்குப் பிறகு அந்தக் கொம்புக்கு என்ன ஆயிற்று என்று அவனுக்குத் தெரியாது, ஏனென்றால் அவன் இங்கே இல்லை. இடப்பள்ளியில் ஏ.சி. கடையில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு மட்டாஞ்சேரி ஆட்டின் பசி எப்படித் தெரியும்?

ஆனால் இதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? ஆட்டைக் கூண்டில் ஏற்றிச் சத்தியம் வாங்க முடியாது. நடுவில் கொம்பை மாற்றினேன் என்று அவன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எல்லாம் போச்சு. அதை அவன் சொல்வதற்கு முன்னால் அவன் வாயை அவனே கட்டிக்கொள்ள வேண்டும்.

அஞ்சனா முதலில் ஷம்சுதீனைக் கூப்பிட்டாள். ஐந்து நிமிஷம் லைனில் இருங்கள், என்ன கேட்டாலும் பேசாதீர்கள், என்னை நம்புங்கள் என்று கெஞ்சினாள். அவர் பெருமூச்சு விட்டு ஒத்துக்கொண்டார். அதே அழைப்பில் ரமேஷ்பாபுவையும் சேர்த்தாள்.

அழுகிற குரலை அவள் நடித்து வரவழைக்க வேண்டியிருக்கவில்லை. அது ஏற்கெனவே தொண்டையில் தயாராக இருந்தது.

"ரமேஷ்பாபு சார், ஒரு உபகாரம் பண்ணணும். நீங்க நின்ன அதே சந்துல எங்க வண்டியும் பஞ்சராயிடுத்து. என்னால தனியா முடியலை. நாலாவது நட்டு கழலவே மாட்டேங்கறது."

எதிர்ப்பக்கத்தில் அவன் வாய்விட்டுச் சிரித்தான். காலையில் வந்து குறுக்குக் கேள்வி கேட்ட பெண் இப்போது நடுச்சந்தில் முழிக்கிறாள் என்றால் யாருக்குத்தான் இனிக்காது? மிகுந்த கருணையோடு பாடம் எடுக்க ஆரம்பித்தான். ஸ்பேனரின் முனையில் மிதிக்க வேண்டும், நடுவில் மிதித்தால் பலம் போதாது, கொஞ்சம் தேங்காயெண்ணெய் விட்டுப் பார்க்கலாம். அவள் எல்லாவற்றுக்கும் உம் கொட்டினாள்.

"அப்புறம் இன்னொண்ணு. உங்க போட்டோல இருக்காப்ல ராஜன் ஒரு பலாக் கொம்பு வச்சிருக்கான். அது நிக்கவே மாட்டேங்கறது. நீங்க நடுவுல மாத்தி மாத்தி வச்சேளா?"

"எதுக்கு மாத்தணும்? வந்த உடனே ஒடிச்சு ஒரே தடவை நட்டேன். வேலை முடிஞ்சு நானே பிடுங்கிப் போடுற வரைக்கும் அதே கொம்புதான் நின்னுது. போட்டோல பாத்தீங்களே, எப்படி நிக்குதுன்னு."

"யாரும் வந்து தொடலையா?"

"ஹர்த்தால் மேடம். ரெண்டு மணி நேரமும் அதுக்குப் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தேன். ஈ, காக்கை வரலை."

அஞ்சனா நன்றி சொன்னாள். அவன் இன்னும் கொஞ்சம் சிரித்துவிட்டு, முடியாவிட்டால் ஆள் அனுப்பட்டுமா என்று பெருந்தன்மையாகக் கேட்டுவிட்டு வைத்தான்.

ஷம்சுதீன் லைனில் இருந்தார்.  அஞ்சனா ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்: அவர்கள் வைத்த கொம்பு, அது போன கதி, போட்டோவில் இலை குறையாமல் நிற்கும் கொம்பு. சொன்ன பிறகு அவளுக்கே அது சின்னப் பிள்ளைக் கதை மாதிரித் தோன்றியது. அவர் எரிந்து விழுவார் என்று கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள்.

"மேடம்," என்றார் அவர், "ஞான் பிறந்தது அங்க இருந்து ரெண்டு சந்து தள்ளி. ஆட்டுக்குப் பலா இலைன்னா பாயசமாக்கும். கையில பிடிச்சு நடந்தா, பின்னால ஊர்வலம் வரும். ஒரு மணிக்கூறு நடுத்தெருவுல முழுசா நின்னுதுன்னு அவன் பறயுது. பக்கத்துலயே இருந்தேன், ஒண்ணும் வரலைன்னும் பறயுது." கொஞ்சம் நிறுத்தினார். "அவன் அங்க இருந்திட்டே இல்ல."

பாண்டியராஜன் நல்ல கையால் காரின் கூரையில் ஓங்கித் தட்டினான்.   ஷம்சுதீன் மளமளவென்று பேசினார். இடப்பள்ளிக்கு உடனே ஆள் அனுப்புகிறார். பிச்சையை ரயிலிலேயே பிடித்து ஸ்கூட்டரைப் பற்றிக் கேட்கச் சொல்கிறார். ரிமாண்ட் பேச்சுக்கு இனி இடமில்லை, மேலதிகாரியிடம் அவரே பேசிக்கொள்வார்.

"ஆனா ஒண்ணு மனசிலாகலை," என்றார். "செய்யாத பெண்ணு எதுக்கு சம்மதிச்சு?"

அவளையே கேளுங்கள், என் காதிலும் விழட்டும் என்றாள் அஞ்சனா. நாற்காலி நகர்கிற சத்தம், யாரையோ கூப்பிடுகிற சத்தம். பிறகு ஷம்சுதீன் தனக்குத் தெரிந்த தமிழில் நிறுத்தி நிறுத்திச் சொல்வது கேட்டது. பயப்பட வேண்டாம், நீ அடிக்கவில்லை என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது, அடித்தது வேறு ஆள்.

 அழுவாள், கும்பிடுவாள், சாமி பேரைச் சொல்வாள் என்று அஞ்சனா எதிர்பார்த்தாள். வந்தது அது இல்லை.

"இல்ல சார், நான்தான் அடிச்சேன்." குரலில் அவ்வளவு பயம். "அப்பவே சொல்லிட்டேன்லா சார். இப்ப மாத்தாதீங்க சார்."

ஷம்சுதீன் திகைத்துப்போய், ஏன் என்று கேட்டார்.

"மத்தியானம் சோறு கொண்டாந்தாங்களே, ரமேஷ்பாபு அண்ணாச்சி, அவங்கதான் சொன்னாங்க. ஒத்துக்கிட்டா பிள்ளைய எங்கூட உள்ள விட்ருவாங்க, ஒத்துக்கலேன்னா பிள்ளைய எங்கயோ ஆசிரமத்துல குடுத்துருவாங்கன்னு. நான் ஒத்துக்கிட்டேன் சார். அப்பப் பிடிச்சு கதவையே பாத்துட்டு இருக்கேன், இன்னும் கொண்டாரல. வேற யாரும் செய்யல சார், நான்தான். பிள்ளையக் கொண்டாரச் சொல்லுங்க."

  பாண்டியராஜன் மதில் பக்கமாகத் திரும்பிக்கொண்டான். அஞ்சனாவின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, கறுப்புக் கையால் துடைத்ததில் முகமெல்லாம் கறுப்பானது. ரமேஷ்பாபுவின் பொய்யை உடைத்த மூளை இந்த இடத்தில் எதற்கும் உதவவில்லை. நீ நிரபராதி என்ற சொல்லே அந்தப் பெண்ணுக்கு இடியாக விழுந்திருக்கிறது. எந்தச் சட்டப் புத்தகத்தை எடுத்து வைத்து இதை அவளுக்கு விளக்குவது?

"மாயம்மா, நான் அஞ்சனா பேசறேன், வசந்திக்குத் தெரிஞ்ச அக்கா," என்றாள். "நீ ஒண்ணும் ஒத்துக்க வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். அங்கேயே அந்த பெஞ்சுலேயே இரு. குழந்தையை நான் எடுத்துண்டு வரேன்."

"நெசமாவாக்கா?"

"நெசமா."

அவள் போனை வைத்தாள். ஸ்பேனர் நான்காவது நட்டிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுக்கவில்லை, காரைப் பூட்டவும் இல்லை. பாண்டியராஜன் முன்னால் ஓடிக்கொண்டிருந்தான். சந்து பஜார் ரோட்டில் சேரும் முனையில் யாரையோ ஏற்றிக்கொண்டு வந்த ஓர் ஆட்டோவின் குறுக்கே மாவுக்கட்டுக் கையை நீட்டி நின்று, உள்ளே இருந்தவரிடமும் ஓட்டுகிறவரிடமும் ஒரே நேரத்தில் மன்றாடினான். அவர் இறங்கிக்கொள்ளச் சம்மதித்தார்.

"எவிடே?" என்று கேட்டார் ஆட்டோக்காரர், அவள் முகத்தை வினோதமாகப் பார்த்துக்கொண்டு.

"முதல்ல தேவரா," என்றாள் அஞ்சனா. "அங்க ஒரு குழந்தை இருக்கு. அதைத் தூக்கிண்டு ஸ்டேஷன்."